மூன்று எண்ணும்வரை அசையாத அணில்

என் வீட்டுக்காரர் பிணங்களைப் படம் பிடித்தவர். இதைச் சொல்ல எனக்கு அன்றைக்கும் வெட்கமில்லை, இன்றைக்கும் இல்லை. வெட்கப்பட்டவர் அவர்தான்.

ராயபுரத்தில் மாதா கோயிலிலிருந்து கல்லறைக்குப் போகிற வழியில் எங்கள் ஸ்டுடியோ. முன்னால் ஓர் அறை, பின்னால் சிவப்பு விளக்கு எரிகிற இருட்டறை, அதற்கும் பின்னால் அவர், நான், மாமியார் மூன்று பேரும் குடியிருந்த இடம். அந்தக் காலத்தில் எங்கள் ஜனங்களுக்கு ஒரு பயம் உண்டு. உயிரோடு இருக்கும்போது படம் எடுத்தால் ஆயுசு குறைந்துபோகுமாம். செத்தவருக்குக் குறைவதற்கு ஆயுசு ஏது? அதனால் செத்த அன்றைக்குத் தைரியமாக எடுத்துக்கொள்வார்கள். அறுபது வருஷம் இருந்த மனுஷனுக்கு ஒரு படம் கிடையாது. சவப்பெட்டியில் வைக்கிற நேரத்துக்கு அவசர அவசரமாக ஒன்று.

பிணத்தை உட்கார வைத்துத்தான் எடுக்க வேண்டும். அதற்கு முதுகு உயர்ந்த நாற்காலி வேண்டும். சாவு வீட்டில் அப்படிப்பட்ட நாற்காலி ஏது? எங்கள் ஸ்டுடியோ நாற்காலியைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். செத்தவருக்குப் புதுச் சட்டை போட்டு, நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு துணியை நாற்காலியோடு கட்டி, அது தெரியாமல் மேலே கோட்டை மாட்டி, தாடைக்கட்டை அவிழ்த்து, வாயை மூடி, கையைக் கைமேல் வைப்பார். சுற்றிலும் குடும்பம் நிற்கும். எங்கள் படப்பெட்டி அவர் அப்பா காலத்துப் பெட்டி. பித்தளை மூடியைக் கையால் கழற்றி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, திரும்ப மூட வேண்டும். "மூணு எண்ணுற வரைக்கும் யாரும் அழுவாதீங்க" என்பார். யார் கேட்பார்கள்? கடைசியில் படத்தைப் பார்த்தால் தெளிவாக விழுந்திருப்பவர் செத்தவர் ஒருவர்தான். உயிரோடு நின்றவர்கள் எல்லாம் கொஞ்சம் கலைந்திருப்பார்கள்.

அதற்கப்புறம் படத்தின்மேல் மெல்லிய தூரிகையால் செத்தவருக்குக் கண் திறந்து வரைவார். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. படம் விழுந்த கண்ணாடித் தகட்டைக் கழுவுவது என் வேலை. என் கையில் ஒரு தகடு உடைந்ததில்லை.

ஆனால் உயிரோடு இருப்பவர்கள் எங்கள் வாசலில் காலை வைக்க மாட்டார்கள். காரணம் அந்த நாற்காலி. கைவண்டியில் அது தெருத்தெருவாகப் போவதை ராயபுரமே பார்த்திருக்கிறது. அதில் யார் குந்துவார்கள்? துணிந்து ஒரு கல்யாண ஜோடி வந்தது. இவர் பழக்கதோஷத்தில் பெண்ணின் வாயை விரலால் மூடிவிட்டு, கையைக் கைமேல் வைத்து, தலையைப் பின்னால் சாய்த்துவிட்டார். படம் வந்ததும் பெண்ணின் அம்மா எங்கள் வாசலில் நின்று மாரடித்தாள். "ஐயோ, எம் பொண்ண பொணமாட்டம் ஆக்கிட்டியே, உன் கை வெளங்குமா?" அன்றோடு சரி. டிராம் ரோட்டில் விசையை அழுத்தினால் படம் விழுகிற புதுப் பெட்டியோடு ஒருவர் ஸ்டுடியோ திறந்தார். கல்யாணம், ஞானஸ்நானம், புதுநன்மை எல்லாம் அங்கே. சாவு இங்கே.

இவருக்கு அது உள்ளே அறுத்துக்கொண்டே இருந்தது. உயிரோடு இருக்கிற மனுஷன் ஒருவன், தன் காலால் நடந்து வந்து, யாரும் கட்டி வைக்காமல் அந்த நாற்காலியில் குந்த வேண்டும். வேறு எதையும் அவர் கேட்கவில்லை.

அப்போதுதான் பத்திரிகையில் ஓர் அறிவிப்பு வந்தது. பட்டணத்தில் படம் பிடிக்கும் கனவான்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அவர்கள் ஒரு போட்டி வைத்தார்கள். காட்டில், தன் இயற்கையான இடத்தில், கட்டாமலும் பழக்காமலும் இருக்கிற உயிருள்ள பிராணியின் படம். முதல் படத்துக்கு வெள்ளிக் கோப்பை. இவர் அதை வாசித்துவிட்டு, "உயிருள்ள" என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தக் கோப்பை கடை கண்ணாடிப் பெட்டியில் இருந்தால் எவன் தன்னைப் பொணக்காரன் என்பான் என்று அவருக்கு ஒரு கணக்கு.

புலிக்கு எங்கே போவது? அணில், அதுவும் எண்ணூர்க் காட்டில், என்று முடிவானது. மாமியார் காய்ந்த மிளகாயைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்.

"டேய், நம்ம வூட்டு ஓட்டு மேலயே நாலு ஓடிகினு கீது. அதுக்கு இன்னாத்துக்குடா எண்ணூருக்கு டிக்கிட்டு?"

"அது வூட்டு அணிலும்மா. சங்கத்துல காட்டு அணிலு தான் கேக்குறாங்க."

"காட்டு அணிலுக்கு இன்னா, கொம்பு மொளச்சி கீதா?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெட்டி, முக்காலி, கறுப்புத் துணி, தகட்டுப் பெட்டி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ரயிலேறினோம். எண்ணூரில் இறங்கி, உப்பங்கழி பக்கமாக மணலில் நடந்தால் ஒரு காடு. காடு என்றால் என்னவோ என்று நினைக்காதீர்கள். எந்தக் காலத்திலோ ஒரு துரை காற்று வாங்கக் கட்டின பங்களாவின் தோட்டம். துரை போய், கூரை போய், கதவையும் யாரோ கழற்றிக்கொண்டு போய், நாவலும் புளியும் பனையும் தம் இஷ்டத்துக்கு வளர்ந்து, நடுவில் வழி தெரியாமல் புதர் மண்டிக் கிடந்தது. சங்கத்துக் கனவான்களுக்கு இது போதும் என்றார்.

நான் மடியில் வேர்க்கடலை கொண்டுபோயிருந்தேன். நாலு கடலையை வீசினால் அணில் வந்து குந்தித் தின்னும். நாமும் நம் வேலையை முடித்துக்கொண்டு சோறு வேகிற நேரத்துக்கு வீட்டுக்குப் போகலாம். மடியிலிருந்து ஒரு கடலையை எடுத்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"பழக்கக் கூடாதுன்னு எழுதிகீது. கடல போட்டா அது பழக்கம்."

"ஒரு கடலைக்கா?"

"ஒரு கடலையும் கடல தான்."

சரியென்று அந்தக் கடலையை நானே தின்றேன். கடலை போட்டுப் பழக்கினது கடைசியில் என்னை ஒருத்தியைத்தான்.

அவர் நாவல் மரத்துக்கு எதிரில் முக்காலியை நட்டு, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். அரை மணி நேரம். அணில் வந்தது. கிளையில் குந்தியது. இவர் மெல்ல வெளியே வந்து, தகட்டைச் செருகி, மூடியில் கையை வைத்து, வாய் தவறி அணிலிடம், "அசையாதீங்க" என்றார். மரியாதையோடு! சாவு வீட்டில் பெரியவர்களிடம் சொல்லிச் சொல்லி வந்த பழக்கம். ஒன்று என்று எண்ணும்போது அணில் கிளையில் இருந்தது. இரண்டுக்கு அடுத்த கிளைக்குப் போயிருந்தது. மூன்றுக்கு அது அந்த மரத்திலேயே இல்லை.

வீட்டுக்கு வந்து இருட்டறையில் தகட்டைக் கழுவிப் பார்த்தால் கிளை நன்றாக விழுந்திருந்தது. இலைகூட விழுந்திருந்தது. அணில் இருந்த இடத்தில் சுருட்டுப் புகை மாதிரி ஒன்று. மாமியார் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மரம் சோக்கா கீதுடா" என்றாள்.

இப்படி இரண்டு ஞாயிறு. மரங்கள் எல்லாம் சோக்காக வந்தன.

மூன்றாவது ஞாயிறு அவர் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தபோது புதருக்குள்ளிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் கையில் கட்டை. இன்னொருவன் லுங்கியை மடித்துக் கட்டிய கறுத்த ஆள், தோளெல்லாம் கரி. மதுவிலக்கு வந்திருந்த காலம் அது. ஊரில் கள்ளுக்கடைகளை மூடினார்கள். தாகத்தை மூட முடியுமா? அது எண்ணூர் புதருக்குள் வந்து அடுப்பு மூட்டிக்கொண்டது. எனக்கு அவர்களைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. துணிக்குள் இருந்தவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

"த, வெளிய வா" என்றான் கட்டை வைத்திருந்தவன். "மூணு வாரமா பாத்துகினு கீறோம். போலீசுக்குப் படம் புடிச்சிக் குடுக்கறியா?"

இவர் தலையை வெளியே எடுத்தார். "நான் அணிலு புடிக்கிறேம்பா" என்றார்.

"யார்ரா இவன்! அணிலு புடிக்க பொட்டி, துணி, பொம்பள எல்லாம் வேணுமா? யார்கிட்ட டபாய்க்கிற?"

முக்காலியில் கையை வைத்துவிட்டான். அது விழுந்தால் அவர் அப்பா காலத்துப் பெட்டி போச்சு. நான் குறுக்கே போய் நின்றேன்.

"கைய எடு. இவரு போலீசு இல்ல. இவரு பொணம் புடிக்கிறவரு. ராயபுரத்துல யாரை வேணாலும் கேளு."

இவர் முகம் செத்துப்போயிற்று. எதை மறைக்க மூன்று வாரம் மணலில் நடந்தாரோ அதைக் கட்டின பெண்டாட்டியே நடுக்காட்டில் போட்டு உடைத்துவிட்டாள். ஆனால் கரி படிந்த ஆள் கிட்டே வந்து இவர் முகத்தை உற்றுப் பார்த்தான்.

"அண்ணாத்தே! எங்க நைனா பூட்டப்ப நாக்காலி எத்துகினு வந்தது நீதான? கண்ணு வரைஞ்சி குடுத்தியே!" என்றவன் கட்டைக்காரனிடம் திரும்பி, "கீய போடுடா கட்டைய. எங்க நைனா மூஞ்சிய இவரு தான் எனக்குக் குடுத்தாரு" என்றான்.

அப்புறம் என்ன, பழைய கதவுப் பலகையில் எங்களை உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். மோர்தான் என்று முகர்ந்து பார்த்தே குடித்தேன். அணில் விஷயத்தை மறுபடி கேட்டுவிட்டு அந்த ஆள் சிரித்த சிரிப்பில் பனையிலிருந்து காக்காய்கள் கிளம்பின.

"குந்திகினு கீற அணிலு தான வேணும்? வா காட்றேன்."

பங்களாவின் இடிந்த சமையலறைக்குப் பின்னால் அவர்கள் சாராய அடுப்பு. வெல்லமும் அழுகின பழமும் பட்டையும் போட்டு ஊறவைத்து, காய்ச்சும்முன் வடித்த சக்கையை ஒரு புளியமரத்தடியில் கொட்டுவார்கள். அந்தச் சக்கையை அணில்கள் நாள் முழுக்கத் தின்றுகொண்டிருந்தன. அப்பேர்ப்பட்ட அணில்களை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஒன்று மரத்தில் ஏறப் போய், நாலு அடி ஏறி, எதற்கு ஏறினோம் என்று மறந்து அப்படியே தொங்கியது. இரண்டு ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. ஒன்று மட்டும் பெரிய வேரில் முதுகைச் சாய்த்து, வயிற்றைத் தள்ளி, இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, கண்ணை அரையாக மூடிக் குந்தியிருந்தது. பங்களாவின் துரை சாயங்காலம் அப்படித்தான் குந்தியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

இவர் தகட்டைச் செருகினார். கட்டவில்லை, பழக்கவில்லை, கடலை போடவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. அணில் அசையவில்லை. நம்பிக்கை வராமல் ஐந்துவரை எண்ணி மூடினார். இரண்டாவது தகட்டுக்கு மூடியைக் கழற்றியதும் எங்கோ ரயில் ஊதியது. அணில் திடுக்கென்று எழுந்து, நேராக ஓட நினைத்துக் கோணலாக ஓடிப் புதருக்குள் போயிற்று.

கிளம்பும்போது அந்த ஆள் சொன்னான்: "அண்ணாத்தே, படம் உன்னுது. ஆனா நாங்க இங்க கீறோம்னு வெளிய வரக் கூடாது. வந்தா அஞ்சு குடும்பம் தெருவுல நிக்கும்." இவர் கழுத்துச் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் பண்ணினார்.

முதல் தகடு வந்த அழகை என்ன சொல்ல! மீசை முடிகூட ஒவ்வொன்றாக எண்ணலாம். இரண்டாவதில் வேர் இருந்தது. வேரிலிருந்து புதர்வரைக்கும் ஒரு நீளப் புகை, அதன் நுனியில் வால் மாதிரி ஒரு தீற்றல். கண்ணாடியைச் சுரண்டிவிட்டு வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம் என்றார். நான் கொடுக்கவில்லை. ஏன் என்று எனக்கே அப்போது தெரியாது. என் கையால் கழுவின தகடு, அவ்வளவுதான்.

"இன்னாங்க, கண்ணு அரைக்கண்ணா கீதே. கொஞ்சம் தொறந்து வரைஞ்சிடுங்களேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை! "உசுரோட கீற ஜீவனுக்கு நான் இன்னாத்துக்குக் கண்ணு வரையணும்?"

சங்கத்துக் கூடத்தில் படங்களை மாட்டி வைத்துத் தீர்ப்புச் சொல்லும் நாளில் நானும் போனேன். இரண்டாவது தகட்டுக்கும் ஒரு அச்சுப் போட்டு, முந்தானைக்குள் வைத்திருந்தேன். கோட்டுப் போட்ட கனவான்கள் மூன்று பேர் ஒவ்வொரு படமாகப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். எங்கள் அணிலிடம் வந்ததும் நின்றார்கள். நெடுநேரம் நின்றார்கள். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் வெளியிடத்தில் என் கையைப் பிடித்தது அது ஒரு தடவைதான்.

டிராம் ரோடு ஸ்டுடியோக்காரரும் அந்தச் சங்கத்தில் ஓர் அங்கத்தினர். அவர் கனவான்கள் காதருகே வந்து, ஆனால் எல்லார் காதிலும் விழும்படி, "சார், இவரோட தொழில் என்னன்னு தெரியுமோ? செத்தவங்கள உக்கார வெச்சு எடுக்கறவர்" என்றார்.

பெரிய கனவான் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "அதானே பார்த்தேன். கண்ணைப் பாருங்கள். கையை மார்பில் வைத்திருக்கும் விதத்தைப் பாருங்கள். இந்த அணில் இறந்துவிட்டது. உயிருள்ள பிராணி என்பது நிபந்தனை" என்றார்.

இவர் வாயைத் திறந்தார். அணில் ஏன் அப்படிக் குந்தியிருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் அடுப்பு, அடுப்புக்குப் பின்னால் அஞ்சு குடும்பம். கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டார். வாயை மூடிக்கொண்டார்.

அவர் சத்தியம் பண்ணினார். நானும் அதைக் காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் வாயை மூடிக்கொண்டிரு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. முந்தானையிலிருந்து இரண்டாவது படத்தை எடுத்து நீட்டினேன்.

"செத்துப்போச்சுன்னா இதுல எழுந்து ஓடுறது யாரு சாமி, அதோட ஆவியா? அதே வேரு, அதே எடம்."

வாங்கிப் பார்த்தார்கள். ஒருவர் தலைகீழாகவும் பார்த்தார். பெரிய கனவான் ரொம்ப இரக்கத்தோடு, "அம்மா, இது கெட்டுப்போன படம்" என்றார். மற்ற இருவரும் சிரித்தார்கள். டிராம் ரோடுக்காரர் சத்தமாகவே சிரித்தார்.

வெள்ளிக் கோப்பை ஒரு மானுக்குப் போயிற்று. அடர்ந்த காட்டில் நிற்கும் மான். அதன் கழுத்தில் கயிறு உரசிய தழும்பு இருந்தது. பின்னால் இலைகளுக்கு நடுவே மிருகக்காட்சி சாலையின் கம்பி இரண்டு தெரிந்தது. எனக்குத் தெரிந்தது. பூதக்கண்ணாடிக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அவர் பெட்டியைத் துணியால் மூடினார். "நமக்குப் பொணந்தான் எழுதிகீது" என்றார். அதற்கப்புறம் இரண்டு நாள் அந்தத் துணியை எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் நான் அந்தக் கெட்டுப்போன படத்தை எடுத்து, கடை வாசல் கண்ணாடிப் பெட்டியில் நடுவாக வைத்தேன். அவருக்கு ஆத்திரம் வந்தது.

"நல்லா வந்த படத்த வுட்டுட்டு கெட்டுப்போனத யாராச்சும் வாசல்ல வெப்பாங்களா?"

"நல்லா வந்தத தான் பொணம்னாங்களே. இதப் போயி எவனாச்சும் பொணம்னு சொல்லட்டும், பாக்கறேன்."

தெரு சிரித்தது. தண்ணிக்குப் போகிற பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "இன்னா யக்கா இது, அடுப்புப் புகையா?" என்பார்கள். "அணிலு. ஓடிச்சி" என்பேன். டிராம் ரோடு வரைக்கும் கதை போயிற்று. அங்கிருந்து எண்ணூருக்கும் போயிருக்கிறது.

ஒரு நாள் முற்பகலில் கரி படிந்த அந்த ஆள் வந்தான். கரி இல்லாமல் வந்தான். வெள்ளை வேட்டி, எண்ணெய் தேய்த்துச் சீவின தலை. கூடவே அவன் பெண்டாட்டி. இடுப்பில் மூன்று வயசுப் பெண், கண்ணில் மையும் கையில் முறுக்குமாக.

"அண்ணாத்தே, கூடத்துல நடந்தது எல்லாம் கேள்விப்பட்டேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா கோப்ப உனக்கு, கம்பி எங்களுக்கு" என்றான். "எங்க மூணு பேரையும் ஒரு படம் எடு."

இவர் முக்காலிக்குப் பின்னால் அப்படியே நின்றார். "எந்த நாக்காலியிலப்பா?" என்றார்.

"எந்த நாக்காலியா? எங்க நைனா குந்திகினு போன நாக்காலி தான்." சொல்லிவிட்டு, யாரும் கைபிடிக்காமல் போய் அதில் குந்தினான். குந்திக் காலை அகட்டிக்கொண்டு, முதுகைச் சாய்த்துப் பார்த்தான். "சோக்கா கீது. நைனா சும்மாவா சாஞ்சிகினு இருந்தாரு!"

பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இவர் போய் அவன் கையை எடுத்துக் கைமேல் வைக்கப் போனார். பாதி வழியில் தானாக நின்றுவிட்டார். திரும்பி வந்து மூடியில் கையை வைத்தார்.

"அசையா…" என்று ஆரம்பித்து அதையும் விழுங்கினார். "ஒண்ணு. ரெண்டு. மூணு."

ரெண்டுக்கு அந்தக் குழந்தை முறுக்கை நீட்டி அப்பன் வாயில் திணித்தது.

படத்தைக் கழுவினது நான்தான். அவன் முகம் நன்றாக விழுந்திருந்தது. பெண்டாட்டி சிரிப்பு கொஞ்சம் கலைந்திருந்தது. குழந்தைக்கு இரண்டு தலை, கை இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் அணில் வால். இவர் தலையில் கையை வைத்துக்கொண்டு, வேறு எடுத்துத் தருகிறேன் என்றார். அவன் படத்தை விடவில்லை.

"இருக்கட்டும் அண்ணாத்தே. எங்க வூட்டுல மாட்டி கீற அந்தப் படத்துல நைனா ஒருத்தரு தான் அசையாம கீறாரு. நாங்க எல்லாம் கலைஞ்சி கீறோம். அப்பத்துலேந்து பாத்துகினு தான் கீறேன்."

அந்தப் படத்துக்கு இன்னொரு அச்சுப் போட்டுக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கட்டுமா என்று கேட்டேன். "யக்கா, போலீசு போற வழி இது" என்று பதறினான். குழந்தையை மட்டும் வெட்டி வைத்துக்கொள்ளச் சொன்னான். அணிலுக்குப் பக்கத்தில் அதை வைத்தேன்.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு ஒரு புதுப் பெண்ணும் அவள் அம்மாவும் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நெடுநேரம் நின்றார்கள். மாப்பிள்ளை தூரத்தில் நின்று எட்டி எட்டிப் பார்த்தான். கடைசியில் அம்மாக்காரி வாசல்படியில் ஒரு காலை வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டாள்: "ஏம்மா, அந்த நாக்காலிய கயுவுனீங்களா?"

"ரெண்டு தபா" என்றேன்.

ஒரு தபாதான் கழுவியிருந்தேன்.